முதல் விதை நெல்லைக் கொடுத்தது யார்?

இது சற்று நீளமான பதிவு. வேலைகள் முடிந்து ஆறுதலாக இருக்கும்போது வாசியுங்கள்.

இரண்டு கிழமைக்கு முன்னர் தரம் 6 வகுப்பில் வரலாறு படிப்பித்துக்கொண்டிருந்தோம். ஆதிமனிதன் குகையில் வாழ்ந்தான், வேட்டையாடினான், கிழங்கு தோண்டினான், பிறகு பயிர் செய்யவும் விலங்குகளை வளர்க்கவும் பழகினான். இந்தக் கடைசி விடயத்தை நாம் வழமையாக இரண்டு வசனத்தில் சொல்லி முடித்துவிடுவோம். அன்றும் அப்படித்தான் முடிக்கப் பார்த்தோம்.

பின்வாங்கில் இருந்த ஒரு பிள்ளை கையை உயர்த்தினான்.

"சேர், அப்ப முதல் முதலா வெதச்ச ஆளுக்கு வெத நெல்லு ஆரு குடுத்த?"

வகுப்பு முழுக்கச் சிரித்தது. நாமும் சிரித்துவிட்டோம். பிறகுதான் உறைத்தது. அந்தப் பிள்ளையின் வாப்பா குத்தகைக்கு வயல் செய்பவர். ஒவ்வொரு போகமும் விதைப்புக்கு முன்னர் விதை நெல்லுக்கு யாரிடமாவது போய் நிற்பவர். வெட்டி முடிந்ததும் அந்தக் கணக்கு முதலில் கழியும். விதை என்றால் யாரோ கொடுக்க வேண்டிய பொருள் என்பதை அந்தப் பிள்ளை வீட்டில் பார்த்து வளர்கிறான். ஆகவே அவன் கேட்டது பகிடி இல்லை. ஒழுங்கான கேள்வி. நம்மிடம் ஒழுங்கான பதில் இருக்கவில்லை. பிறகு சொல்வதாகக் கூறிவிட்டு மணியடிக்கும் வரை பேச்சை வேறு பக்கம் திருப்பினோம்.

அந்தப் பதிலைத் தேடிப் படித்தவற்றைத்தான் இங்கே எழுதுகிறோம்.

பதிலின் பாதி நமது வட்டையிலேயே கிடந்தது. சனிக்கிழமை வயல் பக்கம் போனபோது தெரிந்த பெரியவர் ஒருவர் வரம்பில் நின்று களை நெல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். பார்வைக்கு அது நெல்தான். இலையும் நெல், கதிரும் நெல். ஆனால் அவர் கதிரை விரலால் ஒரு தட்டுத் தட்டினார், மணிகள் பொலபொலவென்று சேற்றில் கொட்டின. "பாத்தீங்களா சேர், இது வெளையிறது நமக்கில்ல, நிலத்துக்கு" என்றார். பக்கத்தில் அவர் விதைத்த நெல் பழுத்துத் தலை சாய்ந்து நின்றது. அதைத் தட்டினாலும் ஒரு மணி விழவில்லை.

விவசாயத்தின் வரலாறு முழுவதும் இந்த இரண்டு கதிர்களுக்கும் இடையிலுள்ள வித்தியாசம்தான்.

காட்டில் தானாக வளரும் புல்லை யோசித்துப் பாருங்கள். அதன் விதை முற்றியதும் உதிர வேண்டும். உதிர்ந்தால்தான் அடுத்த தலைமுறை. கதிரிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும் செடி காட்டில் சந்ததியில்லாமல் போய்விடும். ஆனால் மனிதனுக்கு வேண்டியது நேர்மாறானது. வெட்டும் வரை, உப்பட்டி கட்டும் வரை, களவெட்டிக்குக் கொண்டுபோய்ச் சூடு வைக்கும் வரை மணி கதிரிலேயே நிற்க வேண்டும். காட்டுச் செடியின் குறைபாடு வயற் செடியின் சிறப்பாக மாறியது. அந்த மாற்றத்தைத்தான் ஆய்வாளர்கள் 'பயிராகப் பழகுதல்' என்கிறார்கள்.

நெல்லில் இந்த மாற்றத்துக்குப் பெரும் பங்கு வகிக்கும் ஒரு மரபணுவை 2006 இல் கண்டுபிடித்தார்கள். நீண்ட மரபணு எழுத்தில் ஒரேயொரு எழுத்து மாறியதால் மணிக்கும் காம்புக்கும் இடையிலான பிரிவு பலவீனப்பட்டு, மணி உதிராமல் நின்றிருக்கிறது. நாம் ஒவ்வொரு நாளும் சோறு தின்பது அந்த ஒரு எழுத்துப் பிழையின் புண்ணியத்தில் என்று சொன்னால் மிகையில்லை.

சரி, இது எங்கே, எப்போது தொடங்கியது?

வரைபடத்தை எடுத்துப் பலஸ்தீனிலிருந்து வடக்கே லெபனான், சிரியா, அங்கிருந்து தென்கிழக்குத் துருக்கி, பிறகு ஈராக், மேற்கு ஈரான் என்று விரலை வளைத்து இழுங்கள். இளம்பிறை போல ஒரு வளைவு வரும். செழுமைப் பிறை என்று இதற்குப் பெயர். புராத், தஜ்லா நதிகள் ஓடும் பூமி. இன்று செய்திகளில் குண்டுச் சத்தத்தோடு கேட்கும் ஊர்ப் பெயர்கள்தான் உலகின் மிகப் பழைய வயல்களின் பெயர்களும்.

அங்கே மனிதர் பயிர் செய்யத் தொடங்கியது ஏறத்தாழ 11,500 ஆண்டுகளுக்கு முன்னர். ஆனால் தானியம் தின்னத் தொடங்கியது அதற்கு வெகு காலம் முன்னர். 1989 இல் தபரிய்யா ஏரியின் நீர்மட்டம் இறங்கியபோது கரையோரச் சேற்றிலிருந்து ஒரு பழைய குடியிருப்பு வெளிப்பட்டது. இன்று அந்த இடத்தை ஒஹாலோ என்கிறார்கள். வயது 23,000 ஆண்டுகள். கிளைகளால் கட்டிய சிறு குடிசைகள், அவற்றினுள் கருகியும் சேற்றில் புதைந்தும் கெடாமல் இருந்த 90,000 அளவிலான தாவர எச்சங்கள். 140க்கும் மேற்பட்ட வகைகள். காட்டுப் பார்லி, காட்டுக் கோதுமை, காட்டு ஓட்ஸ் எல்லாம் அதில் இருந்தன. அரைக்கும் கல்லில் மாவின் தடயமும் இருந்தது.

இன்னொன்று ஜோர்தானின் கருங்கல் பாலைவனத்தில், ஷுபைக்கா என்ற இடத்தில். அங்கே கல் அடுப்பு ஒன்றில் கருகிக் கிடந்த துண்டுகளை நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது அவை தட்டை ரொட்டியின் துகள்கள் என்று தெரிந்தது. காட்டுக் கோதுமை மாவோடு நீர்நிலையில் வளரும் கோரை வகையொன்றின் கிழங்கையும் அரைத்துச் சேர்த்துச் சுட்டிருக்கிறார்கள். வயது 14,400 ஆண்டுகள். அதாவது வயல் என்ற ஒன்று உலகில் வருவதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் முன்னரே ரொட்டி வந்துவிட்டது. விவசாயம் வந்ததால் ரொட்டி வந்தது என்றுதான் நாமெல்லாம் நினைத்திருந்தோம். ரொட்டி மீதிருந்த ஆசைதான் விவசாயத்துக்கு வழி காட்டியதோ என்று இப்போது யோசிக்கத் தோன்றுகிறது.

காட்டுத் தானியம் அவ்வளவு கிடைத்திருக்குமா என்று கேட்பீர்கள். ஜாக் ஹார்லன் என்ற அமெரிக்க விவசாய ஆய்வாளருக்கும் அதே சந்தேகம் இருந்தது. 1966 இல் அவர் தென்கிழக்குத் துருக்கியின் கராஜதாக் மலைச்சரிவுக்குப் போனார். அங்கே ஒற்றை மணிக் கோதுமை இன்றும் காடாக வளர்கிறது. பழங்காலத்தவர் போலவே சக்கிமுக்கிக் கல் பதித்த அரிவாளால் வெட்டிப் பார்த்தார். ஒரு மணித்தியாலத்தில் சுத்தமான தானியம் ஏறத்தாழ 1 கிலோ கிடைத்தது. ஒரு குடும்பம் மூன்று கிழமை மெனக்கெட்டால் ஒரு வருடம் தின்று முடிக்க முடியாத அளவு சேர்க்கலாம் என்று கணக்குப் பார்த்தார். உழவில்லை, விதைப்பில்லை, உரமில்லை, வாய்க்கால் சண்டையில்லை. மூன்று கிழமை மட்டும்.

1997 இல் வெளியான மரபணு ஆய்வொன்று, பயிரான ஒற்றை மணிக் கோதுமைக்கு மிக நெருங்கிய காட்டு உறவு இதே கராஜதாக் மலையில்தான் இருக்கிறது என்று காட்டியது. பிந்திய ஆய்வுகள் ஒரே மலை, ஒரே ஊர் என்று சொல்லவில்லை. பிறைப் பூமியின் பல மூலைகளில் பலர் பல பயிர்களைத் தனித்தனியே முயன்றிருக்கிறார்கள்.

இந்த மலையிலிருந்து அதிக தூரமில்லாத உர்பா நகரை இப்றாஹீம் நபி அலைஹிஸ்ஸலாம் அவர்களோடு இணைத்து அந்நாட்டு மக்கள் பேசுவார்கள். அந்த நகருக்குப் பக்கத்தில்தான் கோபெக்லி தெப்பே என்ற குன்று. 1995 முதல் கிளாவுஸ் ஷ்மிட் என்ற ஜேர்மனிய அகழ்வாய்வாளர் தோண்டியபோது, வட்டமாக நிறுத்திய பெரும் கற்றூண்கள் வெளிவந்தன. அவற்றில் நரி, பன்றி, பாம்பு, தேள் உருவங்கள். ஏறத்தாழ 11,500 ஆண்டுப் பழமை. கட்டியவர்கள் தின்றது காட்டு விலங்கும் காட்டுத் தானியமும்தான். இவ்வளவு பேர் ஓரிடத்தில் கூடிக் கல் வெட்டினால் அவர்களுக்குச் சாப்பாடு போட வேண்டுமே! கந்தூரிக்குச் சமைத்துப் பழகிய நமக்கு அந்தச் சிரமம் விளங்கும். பெரும் கூட்டத்துக்குச் சாப்பாடு தேட வேண்டிய தேவைதான் தானியத்தை நெருங்கிக் கவனிக்க வைத்தது என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு.

இனி அந்தப் பிள்ளையின் கேள்விக்கு வருவோம்.

காட்டுக் கோதுமையைச் சேர்க்க இரண்டு வழி உண்டு. ஒன்று, கதிரின் கீழே கூடையைப் பிடித்துக் கதிரைத் தட்டுவது. இப்படிச் சேர்த்தால் கூடையில் விழுவது உதிரும் மணிதான். அதை விதைத்தால் உதிரும் செடியே திரும்ப வரும். ஆயிரம் வருடம் செய்தாலும் மாற்றமில்லை. மற்றது, அரிவாளால் அறுப்பது. அறுக்கும்போது கை பட்டதும் உதிரும் மணிகள் நிலத்தில் போய்விடும். உதிராமல் ஒட்டி நிற்கும் ஒன்றிரண்டு கதிர் முழுதாக வீட்டுக்கு வரும். அப்படி வந்ததில் மீதம் வைத்துப் புதிய நிலத்தில் விதைத்தால், அடுத்த வருடம் உதிராத செடி கொஞ்சம் கூடும். அதற்கடுத்த வருடம் இன்னும் கொஞ்சம்.

கோர்டன் ஹில்மன் என்ற தாவர ஆய்வாளர் 1990 இல் இதை வயலில் பரீட்சித்துக் கணக்கிட்டார். எல்லாம் சரியாக நடந்தால் 20 முதல் 200 வருடத்துக்குள் முழு வயலும் உதிராத பயிராகிவிடும் என்று வந்தது. ஆனால் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த பழைய உமிகளை எண்ணிப் பார்த்தபோது கதை வேறு. கோதுமையில் அந்த மாற்றத்துக்கு ஆயிரம் வருடத்துக்கும் மேல் எடுத்திருக்கிறது. ஏன்? அவர்கள் பச்சையாக இருக்கும்போதே அறுத்திருக்கலாம். ஒரு வருடம் வயல் பொய்த்தால் மறுபடி காட்டுக்குப் போய் விதை எடுத்திருக்கலாம். அப்படிப் போன ஒவ்வொரு தடவையும் கணக்குத் தொடக்கத்துக்கே திரும்பியிருக்கும்.

நெல்லுக்கும் இதே கதைதான், இடம் மட்டும் வேறு. சீனாவின் யாங்சே ஆற்றின் கீழ்ப் பகுதியில் தியான்லுவோஷான் என்ற இடத்தில் சேற்றுக்குள் கெடாமல் இருந்த நெல்லின் அடிக்காம்புகளை ஆய்வாளர்கள் ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். 6,900 ஆண்டுகளுக்கு முன்னர் 100 இல் 27 உதிராத வகை. 300 வருடம் கழித்து அது 39. முந்நூறு வருடம் என்றால் பன்னிரண்டு தலைமுறை. மூத்தப்பாவுக்கும் பேரனுக்கும் இடையில் கண்ணுக்குத் தெரியும் மாற்றம் எதுவும் இருந்திருக்காது. தான் உலகத்தை மாற்றிக்கொண்டிருப்பதாக அவர்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது.

ஆகவே முதல் விதை நெல்லைக் கொடுத்தவர் என்று ஒருவர் இல்லை. காடு கொடுத்தது. பிறகு பெயர் தெரியாத ஆயிரக்கணக்கான கைகள், தெரிந்தும் தெரியாமலும், அதை விதை நெல்லாக்கின.

நாம் தினமும் கறிவைக்கும் மைசூர்ப் பருப்பும் அந்தப் பிறைப் பூமியில்தான் பிறந்தது. அதன் காட்டு வகை பெரும் பிடிவாதம் பிடித்தது. 100 விதை போட்டால் ஏறத்தாழ 10தான் அந்த வருடம் முளைக்கும், மீதி மண்ணுக்குள் உறங்கும். ஒரு செடியில் காய்ப்பதும் ஏறத்தாழ 10 விதை. கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 விதைத்தால் 100 கிடைக்கும். ஒரு வருடப் பாடு வீண். லதிசின்ஸ்கி என்ற ஆய்வாளர் இந்தக் கணக்கைக் காட்டி, உறங்கும் குணம் போன செடி முதலில் கிடைத்திருந்தால்தான் யாராவது பருப்பு விதைக்கத் துணிந்திருப்பார்கள் என்று வாதிட்டார். அதை மறுப்பவர்களும் இருக்கிறார்கள். கோதுமை வகை இரண்டு, பார்லி, பருப்பு, பட்டாணி, கடலை என்று அந்தப் பூமியின் முதல் பயிர்கள் ஒரு சாப்பாட்டுக்குத் தேவையான மாவையும் புரதத்தையும் சேர்த்தே கொண்டுவந்தன.

விலங்குகளின் கதை இன்னும் சுவையானது. எல்லாவற்றுக்கும் முன்னர் மனிதனோடு சேர்ந்தது நாய். பலஸ்தீன் பகுதியிலுள்ள ஐன் மல்லாஹாவில் ஏறத்தாழ 12,000 ஆண்டுப் பழைய கப்று ஒன்றில், இறந்த மனிதரின் கை ஒரு குட்டியின் உடல் மேல் வைக்கப்பட்டிருந்தது.

ஆடு வந்தது பிறகு. மேற்கு ஈரானில் கன்ஜ் தரே என்ற மேட்டில் கிடைத்த வெள்ளாட்டு எலும்புகளை மெலிண்டா ஸீடர் என்ற ஆய்வாளர் வயது வாரியாகப் பிரித்தார். கிடாய்கள் இளம் வயதில் அறுக்கப்பட்டிருந்தன. மறிகள் வயது போகும் வரை வாழ்ந்திருந்தன. வேட்டைக்காரன் அப்படிச் செய்ய மாட்டான், அவன் பெரிய கிடாயைத்தான் குறி வைப்பான். குட்டி போடும் மறியை வைத்துக்கொண்டு கிடாயை அறுப்பது ஆடு வளர்ப்பவனின் கணக்கு. நமது ஊரில் ஆடு வைத்திருக்கும் எந்தப் பெண்ணிடம் கேட்டாலும் இதே கணக்கைச் சொல்வார். ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன்னரே அது நடைமுறைக்கு வந்துவிட்டது. அந்த ஊரின் மண்கல் சிலவற்றில் ஆட்டுக் குளம்பின் அடையாளம் பதிந்திருக்கிறது. காயப்போட்ட கல்லின் மேல் ஆடு ஓடியிருக்கிறது! கல் அறுத்தவர் என்ன ஏச்சு ஏசியிருப்பார் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டோம்.

மாடு மிகக் கடினம். அதன் காட்டு மூதாதை ஆளுயரத்துக்கு நிற்கும், முரட்டுக் கொம்பன். அந்த இனத்தின் கடைசி விலங்கு 1627 இல் போலந்தில் இறந்தது. மரபணுக் கணக்கின்படி பிறைப் பூமியில் ஏறத்தாழ 10,500 ஆண்டுகளுக்கு முன்னர் பழக்கப்பட்ட பசுக்கள் 80 அளவில்தான் இருக்கும். ஐரோப்பிய மாடுகளின் தாய்வழி பெரும்பாலும் அந்தச் சிறு மந்தைக்கே போகிறது. நமது ஊர்த் திமில் மாட்டின் வழி வேறு. அது சிந்துப் பக்கம், பலூசிஸ்தானின் மெஹர்கர் போன்ற ஆதி விவசாயக் கிராமங்களின் வழி வந்தது.

பூனையை யாரும் பிடித்து வளர்க்கவில்லை. தானியம் சேர்த்த இடத்துக்கு எலி வந்தது, எலியைத் தேடிப் பூனை வந்தது, வந்தது இருந்துவிட்டது. சைப்ரஸ் தீவில் 9,500 ஆண்டுப் பழைய கப்று ஒன்றின் பக்கத்திலேயே ஒரு பூனையையும் புதைத்திருந்தார்கள். அந்தத் தீவில் இயற்கையாகப் பூனை கிடையாது. யாரோ அதைத் தோணியில் ஏற்றிக் கடல் கடந்து கொண்டுபோயிருக்கிறார்கள்.

இதுவரை சொன்னது வெற்றிக் கதை. இனிச் சொல்வதையும் கவனமாக வாசியுங்கள்.

சிரியாவில் புராத் நதிக்கரையில் அபூ ஹுரைரா என்ற பெயரில் ஒரு மேடு இருந்தது. 1972, 1973 இல் அணைக்கட்டு வேலை நடந்துகொண்டிருக்க, நீர் ஏறுவதற்கு முன்னர் அவசர அவசரமாக அதைத் தோண்டினார்கள். இன்று அது அசத் ஏரிக்கு அடியில். அந்த மேட்டில் முதலில் இருந்தது ஏறத்தாழ 13,000 ஆண்டுகளுக்கு முந்திய வேட்டைக்காரர் ஊர். மான் இறைச்சியும் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட தாவர வகைகளும் அவர்களின் சாப்பாடு. அதற்கு மேலே பிற்காலத்து விவசாயக் கிராமம். அங்கே சாப்பாட்டு வகைகள் சுருங்கிவிட்டன. கோதுமை, பார்லி, பருப்பு, பிறகு ஆடு.

அந்தக் கிராமத்து எலும்புகளைத் தேயா மொலெசன் என்ற பெண் ஆய்வாளர் பரிசோதித்தார். பல பெண்களின் காற் பெருவிரல் மூட்டு நசுங்கித் தேய்ந்திருந்தது. முழங்கால் தேய்வு. இடுப்பு முள்ளெலும்பில் சேதம். என்ன காரணம் என்று யோசித்தபோது விளங்கியது. நிலத்தில் முழந்தாளிட்டு, கால்விரலை மடித்து ஊன்றி, அரைக்கும் கல்லை முன்னும் பின்னும் தள்ளி, நாளெல்லாம் தானியம் அரைத்திருக்கிறார்கள். பற்களோ கல் துகள் கலந்த மாவால் உடைந்திருந்தன. சலிக்கும் முறை வந்த பிறகுதான் பல் தப்பியது.

இதை வாசித்தபோது நமக்கு நமது மூத்தம்மாவின் கால்கள் நினைவுக்கு வந்தன. உரலில் இடித்து, அம்மியில் அரைத்து, வேளாண்மை வெட்டுக்குப் போய்க் குனிந்த இடுப்போடு வீடு வந்து, கடைசிக் காலத்தில் தொழுகையில் இருந்தெழ முடியாமல் கதிரையில் தொழுதவர். ஒன்பதாயிரம் வருடத்துக்கு முந்திய அந்தப் பெண்களின் பெயரும் நமக்குத் தெரியாது, அவர்கள் பட்ட நோவு மட்டும் எலும்பில் எழுதிக் கிடக்கிறது. விவசாயப் புரட்சி என்று பாடத்தில் எழுதும்போது, புரட்சியின் சுமை யார் முதுகில் விழுந்தது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

உலகின் பல இடங்களில் முதல் விவசாயிகளின் எலும்பு இதையே சொல்கிறது. சொத்தைப் பல் கூடியது. சில இடங்களில் உயரம் குறைந்தது. நெருங்கி வாழ்ந்ததால் நோய் பரவியது. 1987 இல் ஜாரெட் டயமண்ட் என்ற அறிஞர், விவசாயம் மனித வரலாற்றின் மிகப் பெரிய தவறு என்றே ஒரு கட்டுரை எழுதினார். நாம் அவ்வளவு தூரம் போக மாட்டோம். விவசாயம் இல்லாவிட்டால் எழுத்தில்லை, பாடசாலை இல்லை, இந்தப் பதிவும் இல்லை. ஆனாலும் கேள்வி நியாயமானது. மூன்று கிழமையில் ஒரு வருடச் சாப்பாடு கிடைத்த மக்கள் ஏன் இந்தப் பாட்டுக்கு இறங்கினார்கள்?

ஒரு காரணம் காலநிலை. ஏறத்தாழ 12,900 முதல் 11,700 ஆண்டுகளுக்கு முன்னர் வரை உலகம் மறுபடி குளிர்ந்து அப்பகுதி வரண்டது. காட்டுத் தானியம் குறைந்திருக்கும். அது முடிந்ததும் வந்த காலநிலை இளஞ்சூடானது, நிலையானது. அப்படி நிலையான காலத்தில்தான் விதைத்தவன் அடுத்த போகத்தை நம்பலாம். இன்னொரு காரணம் சேமிப்பு. யூசுப் நபி அலைஹிஸ்ஸலாம் அவர்களின் வரலாற்றில் தானியத்தைக் கதிரோடு விட்டுச் சேமிக்கச் சொன்னது நமக்கெல்லாம் தெரியும். சேமித்த தானியத்தைத் தோளில் சுமந்துகொண்டு அலைய முடியாது. பட்டறை இருக்கும் இடத்தில்தான் வீடு. வீடு ஓரிடத்தில் நின்றால் பிள்ளைகள் கூடும். பிள்ளைகள் கூடினால் காட்டுத் தானியம் போதாது. போதாவிட்டால் இன்னும் விதைக்க வேண்டும். அதன்பிறகு திரும்பிப் போகப் பாதை இல்லை. ஒருவரும் தீர்மானித்து இறங்கவில்லை. ஒவ்வொரு படியும் நியாயமாகத்தான் தெரிந்திருக்கும். வட்டிக் கடனில் மாட்டிக்கொண்டவர்களைக் கேட்டுப் பாருங்கள், அவர்களும் இப்படித்தான் சொல்வார்கள்.

விவசாயம் பிறந்தது ஓரிடத்தில் மட்டுமல்ல. இதை நாம் வகுப்பில் சஹன் சோற்றை வைத்து விளங்கப்படுத்தினோம். கல்யாண வீட்டில் ஆறு பேர் சுற்றி இருக்கும் அந்த ஒரு தட்டத்தில் உலக வரைபடமே இருக்கிறது. சோற்றின் ஊர் சீனத்து யாங்சே, இந்தியக் கங்கைச் சமவெளி. பருப்பு பிறைப் பூமியில் பிறந்தது. கறியிலுள்ள மிளகாய் மெக்சிகோ. உருளைக்கிழங்கு தென்னமெரிக்காவின் அந்தீஸ் மலை. வீட்டிலே நாம் தின்னும் சோளன் மெக்சிகோ, மரவள்ளியும் கச்சானும் தென்னமெரிக்கா, குரக்கன் கிழக்கு ஆபிரிக்கா. பாசிப்பயறும் கொள்ளும் இந்தியாவிலேயே பழகியவை. ஒருவரையொருவர் அறியாத மக்கள், தனித்தனியே, ஆயிரக்கணக்கான வருடங்கள் பாடுபட்டதை நாம் ஒரு தட்டத்தில் வைத்துப் பத்து நிமிடத்தில் முடிக்கிறோம். ஊர்ச் சாப்பாடு என்று பெருமைப்படும்போது இதையும் நினைத்துக்கொள்வோம்.

நமது தீவில் அந்தக் காலத்தில் என்ன நடந்தது? பிறைப் பூமியில் முதல் வயல்கள் எழுந்தபோது இங்கே பலாங்கொடை மனிதர் வாழ்ந்தார்கள். அவர்களுக்கும் முன்னர், பாஹியங்கலைக் குகையில் 45,000 ஆண்டுகளுக்கு முன்னரே மழைக்காட்டில் குரங்கும் மர அணிலும் வேட்டையாடி மனிதர் வாழ்ந்த தடயம் இருக்கிறது. நெற்செய்கையும் வீட்டு மாடும் இருந்ததற்கான தெளிவான தடயம் அனுராதபுர அகழ்வுகளில் கி.மு. 900 அளவில் கிடைக்கிறது. அதற்குப் பிறகுதான் குளங்களும் வாய்க்கால்களும் நமக்குத் தெரிந்த வட்டைகளும்.

கடைசியாக ஒன்று. பயிர் மனிதனைச் சார்ந்துவிட்டது என்றோமே, அதன் மறுபக்கம் மனிதனும் பயிரைச் சார்ந்துவிட்டான் என்பது. உதிராத நெல் தானாகப் பரவாது. நாம் விதைக்காவிட்டால் சில போகங்களில் அழிந்துவிடும், வயலைக் களை நெல் எடுத்துக்கொள்ளும். நாமும் அது இல்லாமல் ஒரு வருடம் தாங்க மாட்டோம். 2021 இல் இரசாயன உரத்துக்குத் திடீர்த் தடை வந்த அந்தப் பெரும்போகத்தில் நமது வட்டைகளில் கதிர் எப்படி நின்றது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கலப்பின விதை, உரம், எண்ணெய், மெஷின் என்று அந்தச் சார்பு இப்போது இன்னும் நீண்டிருக்கிறது.

இதை முதலில் தெளிவாக உணர்ந்தவர்களில் ஒருவர் நிக்கோலாய் வாவிலோவ் என்ற ரஷ்ய அறிஞர். பயிர்கள் பிறந்த இடங்களை 1926 இல் வரைந்து காட்டியவர். உலகமெல்லாம் அலைந்து விதை சேர்த்தவர். அரசின் கோபத்துக்கு ஆளாகி 1943 இல் சரத்தோவ் சிறையில் இறந்தார். அதே நேரம் அவர் சேர்த்த விதைகள் லெனின்கிராட் நகரில் ஜேர்மனிய முற்றுகைக்குள் இருந்தன. 872 நாள் முற்றுகை. ஊரே பட்டினியில் செத்தது. விதைகளைக் காத்த ஊழியர்களில் பலரும் பட்டினியால் இறந்தார்கள். அரிசி வகைகளுக்குப் பொறுப்பாக இருந்த திமித்ரி இவானோவ் தன்னைச் சுற்றி நெல் இருக்க, அதில் ஒரு பிடி எடுக்காமல் இறந்தார். விதை நெல்லைச் சமைக்கக் கூடாது என்று நமது உம்மாமார் சொல்வார்களே, அதை உயிரைக் கொடுத்துக் காத்த மனிதர்கள் அவர்கள்.

நமது காலத்திலும் இது நடந்தது. சிரியாவின் அலெப்போவுக்கு அருகில் வரண்ட நிலப் பயிர்களுக்கான சர்வதேச விதை வங்கி இருந்தது. பிறைப் பூமியின் பழைய கோதுமை, பார்லி, பருப்பு வகைகள் அங்கேதான். யுத்தம் வந்தது. நல்ல வேளையாக அந்த விதைகளின் பிரதிகளை நோர்வேயின் ஸ்வால்பார்ட் பனிக் களஞ்சியத்துக்கு முன்னரே அனுப்பியிருந்தார்கள். 2008 இல் திறந்த அந்தக் களஞ்சியத்திலிருந்து முதன்முதலாக விதை திருப்பி எடுக்கப்பட்டது 2015 இல், இவர்களுக்காகத்தான். லெபனானிலும் மொரோக்கோவிலும் விதைத்துப் பெருக்கி, பிறகு ஒரு பங்கை மறுபடி களஞ்சியத்துக்கே அனுப்பினார்கள். வாங்கிய விதை நெல்லைத் திருப்பிக் கொடுப்பதுதானே முறை!

நமது நாட்டுக்கும் கன்னொருவையில் விதை வங்கி உண்டு. பழைய நெல் வகைகள் அங்கே குளிரில் இருக்கின்றன. ஆனால் எந்த நெல் எந்த வட்டைக்கு ஏற்றது, எது வெள்ளத்தில் தாங்கும், எது கஞ்சிக்கு நல்லது என்ற அறிவு குளிரூட்டியில் இல்லை. அது வயது போனவர்களின் வாயில் இருக்கிறது. அவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

மறு கிழமை வகுப்பில் இதையெல்லாம் சுருக்கிச் சொன்னோம். கேள்வி கேட்ட பிள்ளை கவனமாகக் கேட்டான். முடிவில், "அப்ப அந்தாக்கள் ஆருக்கும் வெத நெல்லுக் கடன் குடுக்கத் தேவல்ல, என்ன சேர்?" என்றான். இந்த முறை வகுப்பு சிரிக்கவில்லை. நமக்கும் உடனே பதில் வரவில்லை. யோசித்துப் பார்த்தால் அவர்கள் யாருக்கும் கடனில்லைதான். நாம்தான் அவர்களுக்குக் கடன்.

உங்கள் வீட்டில் வயல் செய்த மூத்தப்பாவோ மூத்தம்மாவோ இருந்தால், இன்று மஃரிபுக்குப் பிறகு பக்கத்தில் இருந்து அவர்கள் காலத்து நெல்லின் பெயர்களைக் கேளுங்கள். அதன் நிறம், நாட்கள், ருசி எல்லாம் கேட்டு, கீழே எழுதுங்கள். ஒரு கொப்பியில் சேர்த்து வகுப்பில் வைக்கப் போகிறோம், இன்ஷா அல்லாஹ். பதிவில் பிழை கண்டால் தயங்காமல் சுட்டிக்காட்டுங்கள், திருத்திக்கொள்வோம்.